இடப்பக்கம் சுற்றும் பாதை

மார்கழி, ஞாயிறு

பையன்கள் போட்டிக்கான தூரத்தை முதலில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர். டிரையத்லானில் இதற்கு ‘ஸ்பிரிண்ட்’ என்று பெயர். ஒலிம்பிக் தூரத்தில் சரிபாதி. தாள் அழகாகத்தான் இருந்தது. எங்கள் ஊரான அகரத்தில் எந்தத் தண்ணீரில் நீந்துவது, எந்தத் தார்ச்சாலையில் மிதிப்பது என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

ஹவாய்க் கதையைச் சொன்னேன். 1978 பிப்ரவரியில் ஹொனலுலுவில் நடந்த முதல் அயர்ன்மேன் போட்டிக்கு 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், ஒரு மாரத்தான் என்று யாரும் ஆராய்ச்சி செய்து முடிவெடுக்கவில்லை. அந்தத் தீவில் ஏற்கெனவே ஒரு நீச்சல் போட்டி இருந்தது, தீவைச் சுற்றும் சைக்கிள் போட்டி இருந்தது, மாரத்தானும் இருந்தது. கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் மூன்றையும் ஒன்றாகக் கோத்தார். சைக்கிள் பாதை 115 மைல். நீச்சல் முடிகிற இடத்தில் தொடங்கி, மாரத்தான் தொடங்குகிற அலோஹா கோபுரத்தில் முடிக்க வேண்டுமானால் 3 மைல் குறைக்க வேண்டியிருந்தது. குறைத்தார். அந்த 112 மைலைத்தான் இன்று உலகமெங்கும் வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். கோவாவில் 2019-ல் மிராமர் கடற்கரையில் நடந்த அரை அயர்ன்மேனுக்கான 90 கிலோமீட்டரும் அதில் பாதிதான்.

“அப்ப நம்ம தூரத்தை நம்ம ஊரு சொல்லணுங்கிறீங்களா சார்?” என்றான் கோவையில் வேலை பார்க்கும் பழைய மாணவன். அவன்தான் இவர்களைக் கிளப்பிவிட்டவன். முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

மார்கழி, புதன்

குடகனாறு கழிந்தது. ஆத்தூர்ப் பக்கம் மலையிலிருந்து இறங்கி, தாடிக்கொம்பைத் தாண்டி வேடசந்தூர் போய் அமராவதியில் சேர்கிற ஆறு. மழை விட்டுக் கொஞ்ச நாளானால் மணலும் குட்டையும்தான் மிச்சம். திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இந்த ஆற்றுப் படுகைக் கிணறுகளைக் கெடுத்த கதை எங்கள் தலைமுறைக்கே பழசு. ஆலைகளுக்குச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் அந்தத் தண்ணீரில் பிள்ளையை இறக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்?

அடுத்து ஆத்தூர் காமராஜர் அணை. தண்ணீரும் அழகு, பின்னால் மலையும் அழகு. ஆனால் அது திண்டுக்கல் நகரம் குடிக்கிற தண்ணீர். அதில் நூறு பேர் குதித்து நீந்த அனுமதி கேட்க எனக்கு மனசில்லை, கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

பிறகு கிணறு. இந்தச் சமவெளியில் நீச்சல் பழகிய எல்லோரும் கிணற்றில்தான் பழகினோம். இடுப்பில் சுரைக்குடுக்கை, மேலே படியில் நின்று அதட்டும் மாமா. குதிக்கவும் முங்கவும் கிணறு போதும். 750 மீட்டருக்கு அதற்குள் வட்டமடித்தால் தலை சுற்றிவிடும்.

மிச்சம் கண்மாய். இந்த வருஷம் பெய்த மழைக்கு நிறைந்திருக்கிறது.

மார்கழி, சனி

கண்மாயைப் பார்க்கப் போனோம். மறுகால் பக்கம் ஆகாயத்தாமரை, நடுவில் நல்ல விரிவு. கயிறு பிடித்து அளந்ததில் முக்கோணமாக 375 மீட்டர் சுற்று கிடைக்கிறது. இரண்டு சுற்று போட்டால் கணக்குச் சரி. திரும்பும் இடங்களுக்கு நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்கள், மேலே ஆரஞ்சுத் துணி சுற்றி, அடியில் மணல் மூட்டை கட்டி இறக்குவது. நீந்துகிறவனின் கண் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்; கரையில் நிற்கும் நமக்குத் தெரிவது அவனுக்குத் தெரியாது. அதனால் பீப்பாய்க்கு நேர் பின்னால் கரையில் ஒரு உயரமான அடையாளம் வேண்டும். ஒரு மூலைக்குப் பனைமரம் அமைந்தது. இன்னொரு மூலைக்குக் கொடிக்கம்பம் நட வேண்டும்.

பிரச்சினை தண்ணீரில் இல்லை, கரையில். ஏறி வருகிற இடத்திலிருந்து சைக்கிள்கள் நிற்கப் போகிற பள்ளி மைதானம் வரை வெறுங்காலோட்டம். வழி முழுக்கச் சீமைக்கருவேலம். ஒரு முள்ளை எடுத்துப் பார்த்தேன்: சுண்டுவிரல் நீளம், அடி தடித்து நுனி ஊசி. செருப்பைத் துளைத்து, பாதத்துக்குள் போய், நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும் ரகம். சைக்கிள் டயருக்கும் இதே கதிதான். வெட்டினால் போதாது, வெட்டிய இடத்தைப் பெருக்கவும் வேண்டும். வெட்டும்போதுதான் முள் சிதறும். பிறகு தென்னங்கயிற்று விரிப்பு.

இன்னொன்று, தண்ணீரைச் சோதிக்காமல் யாரையும் இறக்க மாட்டேன். பாரிஸில் 2024 ஒலிம்பிக்குக்காக சேன் நதியைச் சுத்தம் செய்யச் சுமார் 140 கோடி யூரோ செலவழித்தார்கள். தொடக்க விழா அன்று பெய்த மழையில் சாக்கடை கலந்து, பயிற்சி நீச்சல் ரத்தாகி, ஜூலை 30-ல் நடக்க வேண்டிய ஆண்கள் போட்டி மறுநாளுக்குப் போனது. அந்த நதியின் நீரோட்டத்துக்காக 1500 மீட்டர் நீச்சலையும் சமமாகப் பிரிக்காமல், 910, 590 என்று இரண்டு சுற்றாக வைத்தார்கள். அவ்வளவு பணம் கொட்டிய இடத்திலேயே கடைசி வார்த்தை தண்ணீருடையது. எங்கள் கண்மாயில் எருமை இறங்குகிறது, துணி வெளுக்கிறார்கள். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்கழி, செவ்வாய்

சைக்கிள் பாதை. நான்கு வழிச்சாலை வேண்டாம் என்பதில் யாருக்கும் மறுபேச்சில்லை. கரூர் போகிற லாரிகளுக்கு நடுவில் பந்தயம் விடுவது கொலை முயற்சி. ஊர்ச்சாலைகளை இணைத்து ஐந்து கிலோமீட்டர் சுற்று, நான்கு முறை. நேராகப் பத்துப் போய்ப் பத்து வருவதைவிட இது மேல். பிரிகிற ஒவ்வொரு வண்டிப்பாதைக்கும் விசிலோடு ஒரு ஆள் நிறுத்த வேண்டும். சுற்றுச் சிறிதானால் ஆளும் குறையும். பார்க்க வருகிறவர்களுக்கும் பிள்ளைகள் நான்கு தடவை கண்ணில் படுவார்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது என்று பேச்சு வந்தபோதுதான் டீக்கடைப் பெரியவர் குறுக்கே வந்தார். வரைபடத்தில் நான் போட்ட அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, “என்ன வாத்தியாரே, அப்பிரதட்சணமாவா சுத்த விடப் போறீங்க?” என்றார்.

நியாயமான கேள்வி. கோயிலை வலம் வருகிறோம், தேர் வலம் வருகிறது, புது வண்டி வாங்கினால் அதையும் வலமாகத்தான் கொண்டுவருகிறோம். ஆனால் நம் சாலையில் வண்டி ஓடுவது இடப்பக்கம். வலமாகச் சுற்றினால் ஒவ்வொரு முக்கிலும் எதிரே வருகிற வண்டியைக் குறுக்கே வெட்டித்தான் திரும்ப வேண்டும். இடமாகச் சுற்றினால் எல்லாத் திருப்பமும் இடது கைத் திருப்பம். ஓரத்தை விடாமலே முழுச் சுற்றும் முடிந்துவிடும். சாலையை முழுக்க அடைக்க முடியாத நம்மூர் மாதிரி இடத்தில் உயிரைக் காப்பது இந்த ஒரே விதிதான் என்பேன். விலையுயர்ந்த சைக்கிளோ ஹெல்மெட்டோ இதற்கு அப்புறம்தான்.

பெரியவரிடம் ஒரு டீயைக் குடித்தபடி இதைச் சொன்னேன். கையால் மேசையில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். “சரிதான். ஆனா கோயில் தெருவுல மட்டும் விடாதீங்க” என்றார். விடவில்லை. ஒரு முக்கைத் தள்ளி, முத்தாலம்மன் கோயில் பக்கம் போகாமல் சுற்றை மாற்றினோம். அதில் ஒரு வேகத்தடையும் தப்பியது.

தை, வெள்ளி

விடியற்காலையில் பாதையில் நின்று பார்த்தேன். வரைபடத்தில் இல்லாத சங்கதி எல்லாம் அப்போதுதான் வரும். முதலில் மில் வேன்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஷிப்டு மாற்ற ஆள் ஏற்றிப் போகிறவை. ஓட்டுநர்களுக்கு நேரம்தான் எஜமான், நம் விசிலுக்கு நிற்க மாட்டார்கள். அடுத்து பால் கேன் கட்டிய டி.வி.எஸ். பிறகு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையோடு விரைகிற பைக்குகள்.

வெயில் ஏறுகிற நேரம் ஒரு அம்மா கொள்ளுச் செடிகளைக் கொண்டுவந்து சாலையில் பரப்பத் தொடங்கினார். வருகிற போகிற வண்டிச் சக்கரமே கதிரடிக்கும் களம். மெல்லிய டயர் சைக்கிள் அதன் மேல் ஏறினால் வழுக்கி விழுவது நிச்சயம். போட்டியன்று ஒரு காலை மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“எத்தனை மணிக்குப்பா முடியும்?”

“எட்டரைக்குள்ள முடிஞ்சிரும்மா.”

“அப்ப எனக்கென்ன. நான் ஒம்பதுக்குத்தான் போடுவேன். பனி காயணும்ல.”

அனுமதிக் கடிதங்கள் பேரூராட்சிக்கும் போலீசுக்கும் நீர்வளத் துறைக்கும் போகட்டும், போக வேண்டியதுதான். எனக்கு இந்தச் சாலையின் உண்மையான அனுமதி இன்று கிடைத்தது. தொடக்கத்தை 6.45 என்று வைத்தேன். அதற்கு முன்னால் தண்ணீரில் ஆளைப் பார்க்க வெளிச்சம் போதாது.

தை, ஞாயிறு

ஓட்டப் பாதை அளந்தோம். கண்மாய்க் கரை மேல் இரண்டரை போய்த் திரும்பி வருவது, பனை நிழல் பாதி வழிக்கு இருக்கிறது. பையன்கள் கைக்கடிகாரத்து ஜி.பி.எஸ்.ஸை நீட்டினார்கள், மூன்று கடிகாரம் மூன்று தூரம் சொன்னது. சைக்கிளை எடுத்தேன். எஃகு நாடாவால் அளந்த நேர்கோட்டில் உருட்டி, முன்சக்கரத்து வால்வை அடையாளமாக வைத்துச் சுற்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்து, பிறகு பாதையில் எண்ணிக்கொண்டே போனோம். உலக மாரத்தான்களை அளப்பதும் இதே சூத்திரம்தான், அங்கே சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்று ஒரு சின்ன எண்ணும் கருவி மாட்டுவார்கள். அளவு குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிவைப்பதும் அங்கே முறை. நாங்களும் திரும்பும் கூம்பை இரண்டரை மீட்டர் தள்ளி வைத்தோம், போக வர ஐந்து மீட்டர் கூடும்.

தை, செவ்வாய்

பந்தல்காரர் வந்தார். டிரான்ஸிஷன், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம், என்றால் என்ன என்று விளக்க நான் பட்ட பாட்டை அவர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். “கல்யாணப் பந்தி மாதிரி சார். ஒரு வாசல்ல உள்ள வரணும், இன்னொரு வாசல்ல வெளிய போகணும், யாரும் மோதக் கூடாது.”

அதேதான். கூடவே ஒரு நுட்பம்: எந்த வரிசையில் சைக்கிள் நின்றாலும், அந்த மைதானத்துக்குள் எல்லோரும் ஓடுகிற மொத்தத் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். கண்மாய்ப் பக்க வாசலில் நுழைந்து எதிர்ப்பக்க வாசலில் வெளியேறினால் அது தானாக அமையும். நுழைவுக்குப் பக்கத்தில் சைக்கிள் வைத்தவன் காலியாக ஓடுவது குறைவு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுவது அதிகம். தள்ளி வைத்தவனுக்கு நேர்மாறு. ஒரே வாசல் வைத்தால் முதல் வரிசைக்காரனுக்கு லாட்டரி.

சவுக்குக் கம்பைக் குறுக்கே கட்டி, சைக்கிள் சீட்டை அதில் மாட்டித் தொங்கவிடுவது. வெளிவாசலுக்கு அப்பால் சுண்ணாம்புத் தூளில் ஒரு கோடு: அதைத் தாண்டித்தான் சைக்கிளில் ஏறலாம், திரும்பி வரும்போது அதற்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். ஊருக்குள் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள், சிரிக்கத்தான் செய்வார்கள்.

தை, வியாழன்

தேதி. ஐப்பசியில் முத்தாலம்மன் திருவிழாவோடு வைத்தால் கூட்டம் தானாக வருமே என்றார் ஒருவர். கூட்டம் வரும், சைக்கிள் போகாது. அது மழைக்காலமும்கூட. தைப்பூசம் வரை பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியை நிறைத்திருப்பார்கள். எங்கள் சுற்று அந்தச் சாலையைத் தொடாது, ஆனால் போலீஸ் முழுக்க அங்கேதான் இருக்கும். மாசி முதல் ஞாயிறு என்று முடிவானது. அதற்கு மேல் தள்ளினால் கண்மாய் வற்றும், வெயிலும் ஏறும்.

ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை. அதனால் இரண்டு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று மூன்று பகுதியோடு. மற்றது நீச்சல் இல்லாமல் ஓட்டம் 5, சைக்கிள் 20, ஓட்டம் 2.5 என்று டூயத்லான் கணக்கில். இரண்டிலும் சைக்கிள் சுற்றும் பந்தலும் ஒன்றே. நீச்சல் இல்லையென்றால் அது டிரையத்லானே இல்லை என்று கோவைக்காரன் முகத்தைத் தூக்கினான். 1974-ல் சான் டியாகோவில் மிஷன் பே கரையில் 46 பேரோடு இந்த விளையாட்டு பிறந்தபோது முதலில் ஓடத்தான் செய்தார்கள், தண்ணீர் பிறகுதான் வந்தது. இதைச் சொல்லியும் அவன் சமாதானமாகவில்லை. போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமைக்குள் தண்ணீர் தேறாவிட்டால் இரண்டாவது வரைபடம்தான் நடக்கும் என்று தாளின் தலையிலேயே எழுதி, அவனையே கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டான். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கரையில் முள் பெருக்க ஆள் பிடிக்கும் வேலை அவன் பொறுப்பு.