எந்த மலை உயரம்?

இலங்கையின் உயர்ந்த மலை எது என்று கேட்டால், அந்தக் காலத்து மாலுமிகள் யோசிக்காமல் சிவனொளிபாத மலையைக் காட்டியிருப்பார்கள். மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில் கூம்பாகத் தனித்து நிற்பதால் கடலில் வருபவனின் கண் அதில்தான் போய் விழும். அளந்து பார்த்தபோது அதன் உயரம் 2,243 மீட்டர். பீதுருதலாகலவோ 2,524 மீட்டர். அது நுவரெலியாவில், ஏற்கெனவே 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த நிலத்தில் நிற்கிறது. பெரிய குடும்பத்து நடுப்பிள்ளை மாதிரி, பக்கத்தில் போனாலும் உயரம் தெரியாது.

ஓர்ஸ் ஹில்லில் என்னிடம் புவியியல் படிக்க வரும் உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம், ஒரு மைலை ஓரங்குலமாக்கி முழுத்தீவையும் வரையும் வேலையை 1897இல் எடுத்து 1924இல்தான் முடித்தது. மொத்தம் 72 தாள்கள். நக்கிள்ஸ் மலைப்பக்கம் வந்தால் வீடுகள் அரிது. சமவுயரக் கோடுகள்தான் நெருங்கிக் கிடக்கும். கோடு நெருங்கினால் செங்குத்து. (எத்தனை தரம் சொன்னாலும் பரீட்சையில் மாற்றி எழுத ஒருவன் இருப்பான்.) ஆளில்லாத மலையானாலும் அளவையாளர் ஓரிடத்தில் நின்று பார்த்துச் சிகரத்தைக் குறிப்பதில்லை. இடைத்தூரம் தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து கோணம் பார்ப்பார். முடிந்தால் மூன்றாவது இடத்திலிருந்தும் சரிபார்ப்பார்.

மனிதரை அளக்கவும் ஓரிடம் போதாது. குடும்ப வழக்கோடு என்னிடம் வருகிறவர்கள் அண்ணன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும், "தம்பியையும் கூட்டிக்கொண்டு வா" என்பேன். பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எவ்வளவு கவனமாக அளந்தாலும் அளவுக்கு ஒரு தேதி உண்டு. நக்கிள்ஸ் அடிவாரத்தில் இருந்த பழைய தெல்தெனியப் பட்டினம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. ஊரை மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். அதற்காகப் பழைய தாளைப் பிழை என்று சொல்லமுடியாது. அது வரைந்த காலத்துக்குச் சரி. மனிதரை அளக்கும்போதுதான் நாம் ஆண்டைக் குறிக்க மறந்துவிடுகிறோம். கிணற்றுப் பங்குச் சண்டையில் தம்பி என்றோ சொன்ன ஒரு சொல்லை வைத்து, "அவன் அப்படித்தான்" என்று இன்றைக்கும் தீர்ப்புச் சொல்கிற அண்ணன்மார் இருக்கிறார்கள். தம்பி பேரப்பிள்ளை கண்டுவிட்டார். வீடுகளுக்குக் குழாய்த்தண்ணீர் வந்து, அந்தக் கிணறு தூர்ந்தும் கனகாலம்.