வளையல் உடுத்திய கூட்டம்

சண்டிகரில் வழி தவறுவது சிரமம். தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. வட்டாரங்களுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். லெ கொர்புசியே திட்டமிட்ட ஊர். அங்கே நான் திசை தெரியாமல் சுற்றியது ஒரே இடத்தில்: சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், நேக் சந்தின் ராக் கார்டனுக்குள்.

உள்ளே வாசல்கள் வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டவை. குனிந்துதான் போக வேண்டும். குனிந்தேன், கழுத்தில் தொங்கிய கேமரா சுவரில் மோதி, லென்ஸ் மூடி நசுங்கிவிட்டது.

சந்துகளையும் அருவிகளையும் தாண்டினால் சிலைகள். சரிவில் வரிசை வரிசையாக, கொலுப்படியில் அடுக்கியதுபோல நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. மனிதர்கள், குரங்குகள், பறவைகள். அகல லென்ஸைப் போட்டு மொத்தக் கூட்டத்தையும் எடுத்துத் தள்ளினேன். திரையில் பார்த்தால் எல்லாம் வெளுத்துப்போன சிமென்ட் பொம்மைகள். உச்சி வெயில்மேல் பழியைப் போட்டேன்.

பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பாட்டி ஒருவர் என் திணறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்டப் போ பேட்டா," என்றார் இந்தியில். "அதெல்லாம் எங்க வளையல்."

போனேன். ஒரு பெண் சிலையின் பாவாடை முழுக்க உடைந்த கண்ணாடி வளையல்கள். பச்சை, சிவப்பு, நீலம். துண்டு துண்டாக, நெருக்கிப் பதித்தவை. இன்னொருவர் சட்டை பீங்கான் சில்லு. சைக்கிள் சீட்டு ஒரு மிருகத்தின் தலையாகியிருக்கிறது. எட்ட நின்றால் இதெல்லாம் தெரியாது. ஒரு முழத் தூரத்தில்தான் தெரியும். அதன்பிறகு அகல லென்ஸ் பையைவிட்டு வெளியே வரவில்லை.

பாட்டி "எங்க" என்றது எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த நகரத்தைக் கட்ட 20-க்கும் மேற்பட்ட கிராமங்கள் இடிக்கப்பட்டன. அங்கே கிடந்த உடைசலைப் பொறுக்கியவர் நேக் சந்த். அவரே ஊரை இழந்தவர். இன்று பாகிஸ்தானில் இருக்கும் பகுதியில் 1924-இல் பிறந்து, பிரிவினையில் இந்தப் பக்கம் வந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். வேலை முடிந்ததும் சைக்கிளில் கல்லும் உடைசலும் சுமந்துபோய், கட்டடமே கட்டக்கூடாத காட்டுப் பகுதியில், ராத்திரி ராத்திரியாக, யாருக்கும் தெரியாமல் இதைச் செய்தார். சுமார் 18 வருடம்! கண்டுபிடித்த அதிகாரிகள் சட்டப்படி இடித்துத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கு அங்கேயே சம்பளமும் கொடுத்து, உதவிக்கு ஐம்பது ஆட்களையும் தந்தார்கள். அரசாங்கம் அபூர்வமாகச் செய்யும் நல்ல காரியங்களில் ஒன்று. 1984-இல் பத்மஸ்ரீ. 2015-இல் இறக்கும்போது வயது 90.

பின்னால் கட்டிய பகுதியில் பெரிய வளைவுகள், அவற்றில் ஊஞ்சல்கள். கூட்டமெல்லாம் அங்கேதான். எனக்கு அது பொருட்காட்சித் திடல் மாதிரி பட்டது. கேமராவோடு போகிறவர்கள் அந்த நேரத்தையும் சிலைகள் நிற்கும் சரிவுக்கே கொடுக்கலாம். வெயில் ஏறுமுன் போங்கள். குனியும்போது கேமராவைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.