வாட்டமும் வடிகட்டியும்

வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். தண்ணீர் வரும் பக்கத்தையும் கவனிக்கிறார்கள். டேப்புக்கு நல்ல கம்பெனியாகக் கேட்கிறார்கள். கழிவுநீர் போகும் பக்கத்தை மட்டும் "ஏதாவது போட்டு மூடிடுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். பிளம்பிங் வேலையிலேயே காலம் கழித்தவன் சொல்கிறேன்: ஒரு வீட்டின் நிம்மதி தண்ணீர் போகும் வழியில்தான் இருக்கிறது. அந்த வழியோடு கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்.

முதல் இடம் சமையலறை சிங்க். அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. சூடாக ஊற்றும் எண்ணெய் குழாய்க்குள் ஆறிச் சுவரில் ஒட்டுகிறது. அதன்மேல் இட்லி மாவு, சோற்றுப் பருக்கை, டீத்தூள், முருங்கைக்காய்ச் சக்கை என்று படலம் படலமாக ஏறுகிறது. ஒன்றரை அங்குலக் குழாய் விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கும்வரை யாருக்கும் தெரியாது. கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிய காலத்தில் அந்தத் தண்ணீர் வாழைக்குப் பாய்ந்தது, பருக்கையைக் காக்கை கொத்தியது. இன்று பாத்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அப்படியே கழுவி ஊற்றும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் ஒருமுறை துடைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க் வாயில் ஒரு எவர்சில்வர் வடிகட்டி போடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை சிங்க்கில் வடிக்காதீர்கள். பி.வி.சி. குழாய் 80 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே இளக ஆரம்பித்துவிடும். கஞ்சியோ ஆறியதும் பசையாக உள்ளே உட்கார்ந்துகொள்ளும். ஒரு பாத்திரத்தில் வடித்து, பருத்திப் புடவைக்குப் போடலாம், மாட்டுக்கு வைக்கலாம். ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஆறவிட்டு, நிறையத் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள்.

சிங்க்குக்குக் கீழே தொங்கும் கிண்ணம்தான் பாட்டில் ட்ராப். இதைக் கழற்ற ஆள் கூப்பிட வேண்டியதில்லை. அடியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கையாலேயே இடப்பக்கம் திருகினால் வந்துவிடும். உள்ளே சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று படிந்திருப்பதை வழித்துக் குப்பையில் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ரப்பர் வாஷர் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கைவலுவுக்கு மட்டும் முறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிற வீட்டில் சிங்க் அடைப்புக்கு எனக்கு வேலையே இருக்காது.

ட்ராப்பில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கழிப்பறைக்குக் கீழே குழாயை வளைத்துத் தண்ணீரை நிறுத்தும் அமைப்புக்கு 1775-இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி. இன்றைக்கும் அதே தத்துவம்தான். குளியலறைத் தரையில் இருக்கும் நானி ட்ராப்பும் அப்படியே. ஊருக்குப் போய் நாள் கழித்துத் திரும்பினால் வீடு நாறுகிறதா? ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். இரண்டு சொம்பு ஊற்றினால் போதும். நானி ட்ராப்பில் அடைப்பது பெரும்பாலும் தலைமுடி. போர் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாமல் வெள்ளையாகத் திரியும். அந்தத் திரிதலும் முடியும் சேர்ந்தால் கயிறு மாதிரி இறுகிவிடும். மேலே இருக்கும் சல்லடை மூடியைத் தூக்கி வாரம் ஒருமுறை முடியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வாட்டம், அதாவது குழாயின் சரிவு. நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்பது எங்கள் கணக்கு: பத்தடி ஓட்டத்துக்கு மூன்று அங்குல இறக்கம். குறைந்தால் கழிவு தேங்கும். அளவுக்கு மீறி இறக்கினாலும் தண்ணீர் முந்தி ஓடிவிட, கழிவு பின்தங்கி நின்றுவிடும். திருப்பத்தில் எல்போ போடாமல் நீளமான பெண்ட் போடச் சொல்லுங்கள். முக்கியமான திருப்பங்களில் டோர் பெண்ட் இருக்கட்டும். அந்தக் கதவைத் திறந்தால் சுவரை உடைக்காமலே அடைப்பை எடுக்கலாம். டைல்ஸ் ஒட்டுமுன் குழாய் போகும் தடத்தை, டேப் பிடித்த அளவோடு போட்டோ எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் உங்கள் வீட்டுக்கு அதைவிடப் பெரிய பத்திரம் கிடையாது.

அடைப்பு வந்துவிட்டால், முதலில் எங்கே என்று கண்டுபிடியுங்கள். சிங்க் மட்டும் மெதுவாகப் போனால் ட்ராப்பிலோ அதன் குழாயிலோ கோளாறு. மாடியில் ஃபிளஷ் அடிக்கும்போது கீழ்வீட்டு நானி ட்ராப்பில் தண்ணீர் பொங்கினால் மெயின் லைனில். வீட்டுக்கு வெளியே கழிவுநீர்க் குழாய் வந்து சேரும் தொட்டியான சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள்: நிறைந்து நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். இதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது.

தயவுசெய்து ஆசிட் ஊற்றாதீர்கள். எண்ணெய்க் கட்டி அதில் கரையாது. டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டைத்தான் அது அரிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. எதையாவது ஊற்றிவிட்டீர்கள் என்றால், வேலைக்கு வருகிறவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். குழாயைத் திறக்கும்போது தெறிப்பது அவர் முகத்தில்.

சேம்பரைத் தாண்டினால் தெருச் சாக்கடை, அல்லது செப்டிக் டேங்க். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடை சேம்பரில் விடாதீர்கள். அந்தக் குழாய் மழையைத் தாங்கும் அளவில் போடப்பட்டதல்ல. பெருமழையில் அது எதிர்த்து உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும். நாப்கின், டயாப்பர், ஈரத் துடைப்புத்தாள் எதையும் கழிப்பறையில் போடாதீர்கள். அவை கரைவதில்லை, வழியில் எங்கோ சிக்கிக்கொள்கின்றன. அப்படிச் சிக்கியதை எடுக்க எத்தனையோ பேர் உள்ளே இறங்கி, விஷவாயு தாக்கி உயிர் விட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூடுதல் பணத்துக்கு யாராவது இறங்கத் தயாராக இருந்தாலும் சம்மதிக்காதீர்கள், இயந்திரத்தை வரவழையுங்கள். உங்கள் சிங்க்கில் ஒரு வடிகட்டி, கழிப்பறைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை: இவ்வளவுதான் செலவு. இன்றைக்கே வாங்கி வையுங்கள்.