அறுபது இடத்துல ஒரே வரி

திண்டிவனத்துல ஒரு உரக்கடைக்கு பிஎச்பியில பில் போடுற நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். மைஎஸ்க்யூஎல்_க்வெரின்னு அறுபது இடத்துல நேரடியா எழுதித் தள்ளினது நம்ம கைவண்ணம்தான். 2015 டிசம்பர்ல வந்த பிஎச்பி 7 அந்த ஃபங்ஷனையே தூக்கிருச்சு. (2013லயே 5.5 எச்சரிச்சது, யாரு கேட்டா?)

சர்வர் மாறின அன்னிக்கு ஒரு பில்லும் வரல. விழுப்புரத்துலேர்ந்து பஸ் பிடிச்சு ஓடினேன். முதலாளி திட்டல. கையால பில் எழுதிக்கிட்டே நிமிர்ந்து பார்த்தாரு, அவ்ளோதான்.

ராத்திரி முழுக்க உக்காந்து, பிடிஓவை ஒரு கிளாஸுக்குள்ள வெச்சு, எடு, சேர், மாத்துன்னு மூணே ஃபங்ஷன் எழுதினேன். பக்கங்கள் அதைத்தான் கூப்பிடும். மதிப்பெல்லாம் தனியா பைண்ட் ஆகிப் போறதால டி'சோசான்னு பேர் வந்தாலும் க்வெரி உடையாது. இனி எது மாறினாலும் ஒரே ஃபைல்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே தம்பி?"ன்னாரு முதலாளி.