ரெடிங் மடாலயம்: தோலுரிக்கப்பட்ட சுவர்கள்

லண்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கென்னட் ஆறு தேம்ஸ் ஆற்றோடு கலக்கும் இடத்தில் அமைந்த ரெடிங், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1,74,000 பேர் வாழும் பெரிய ஊராக இருந்தும், இங்கிலாந்தில் அரச ஆணையால் மட்டுமே கிடைக்கும் மாநகரத் தகுதியைப் பலமுறை வேண்டியும் பெறாதது. தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், அலுவலகக் கட்டடங்களுக்கும் பூங்காவுக்கும் இடையே நிற்கும் மடாலய இடிபாடுகள், ஒரு காலத்தில் இவ்வூருக்கே உடைமையாளராக விளங்கிய நிறுவனத்தின் எச்சங்களாகும்.

1120இல் வெள்ளைக் கப்பல் எனப்பட்ட மரக்கலம் நார்மண்டிக் கரையருகே மூழ்கியபோது சட்டப்படி வாரிசான தம் ஒரே மகனைப் பறிகொடுத்த மன்னர் முதலாம் ஹென்றி, மறு ஆண்டே இம்மடத்தை நிறுவி, விரிவான வழிபாட்டுச் சடங்குகளுக்குப் பெயர்பெற்ற பிரான்சின் குளூனி மடத்து மரபைச் சேர்ந்த துறவிகளை இங்கே குடியமர்த்தினார். 1135 டிசம்பரில் நார்மண்டியில் இறந்த அவருடைய உடல் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, கட்டி முடியாத தேவாலயத்தின் பலிபீடத்துக்கு முன் அடுத்த மாதம் அடக்கம் செய்யப்பட்டது. பேராயர் தாமஸ் பெக்கெட் அத்தேவாலயத்தை 1164இல்தான் அபிஷேகம் செய்தார். திருத்தூதர் யாக்கோபின் கை என்று நம்பப்பட்ட திருப்பண்டம், அதாவது புனிதர் ஒருவரின் உடலெச்சம், இங்கு வைக்கப்பட்டிருந்ததால் யாத்திரிகர் வந்தனர். அவர்கள் வருகையால் சந்தையும் தங்கும் விடுதிகளும் செழித்தன. ஆயினும் ஊரின் ஆட்சி மடாதிபதியின் கையில் இருந்தமையால், வணிகர் சங்கத்துக்கும் மடத்துக்கும் இடையே உரிமை வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நீண்டன.

பின்னாளில் மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறித்தபோது, ரெடிங்கின் கடைசி மடாதிபதி ஹியூ ஃபாரிங்டன் மீது ராஜத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு, 1539 நவம்பர் 14 அன்று ரெடிங்கிலேயே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன்பின் நடந்தது இடிப்பு என்பதைவிட அறுவடை என்பதே பொருத்தம். கூரையின் ஈயத் தகடுகள் முதலில் போயின. அடுத்து, செதுக்கி மெருகிட்ட முகப்புக் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சில தேம்ஸ் வழியே படகேறி வின்ட்சர் அரண்மனையின் ஏழை வீரர் குடியிருப்புக்கும், சில ஊருக்குள்ளேயே புனித மரியாள் கோயிலின் திருப்பணிக்கும் சென்றன. ஆகவே இன்று காண்பது சுவரின் உட்கரு மட்டுமே. கைப்பிடியளவு சக்கிமுக்கிக் கற்கள், சில கருத்தும் சில வெளுத்தும், ஒழுங்கு வரிசையின்றிச் சுண்ணாம்புச் சாந்தில் பதிந்து கிடக்கின்றன. பார்வைக்கு வைக்க ஒருபோதும் எண்ணப்படாத நிரப்புவேலை அது. சுமந்து செல்லும் கூலிக்குக்கூடப் பெறாதது என்பதால் விடப்பட்ட இந்தப் பகுதியே, அரசர் கட்டிய மடத்தின் அடையாளமாக இன்று பாதுகாக்கப்படுகிறது என்பது வரலாற்றின் குறும்பு. கற்கள் விழும் அபாயத்தால் 2009இல் மூடப்பட்ட இடிபாடுகள், பழுதுபார்ப்புக்குப் பின் 2018இல் மீண்டும் திறக்கப்பட்டன.

மடத்தின் கல்வி மரபு அதன் கற்களைக் காட்டிலும் உறுதியானதாக இருந்தது. 1125இல் மடத்தின் பகுதியாகத் தோன்றியதாகத் தன் தொடக்கத்தைக் குறிக்கும் ரெடிங் பள்ளி, மடம் அழிந்தபின்னும் நிலைத்து, 1871இல் ஊரின் கிழக்கே இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. மடத்தின் உள்வாயிலில் இயங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1785–86இல் பயின்றார். அவ்வாயில் 1861இல் சரிந்தபின், கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் அதை எடுத்துக் கட்டினார். ஆனால் 1926இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற இவ்வூர்க் கல்லூரியை வளர்த்ததில் பெரும்பங்கு மடத்துக்கு அல்ல, பிஸ்கட்டுக்கு உரியது.

துணித் தொழில் நலிந்தபின் பீர், விதை, பிஸ்கட் என்னும் மூன்றும் ஊரைத் தாங்கின. சைமண்ட்ஸ் மதுவடிப்பாலையும் சட்டன் விதைக் கடையும் பெயர்பெற்றவையே எனினும், 1822இல் ஜோசப் ஹன்ட்லியின் சிறு ரொட்டிக் கடையாகத் தொடங்கிய ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் இவற்றை விஞ்சியது. 1840இல் ரயில் பாதை வந்தபின், கென்னட் கரைத் தொழிற்சாலையிலிருந்து தகர டப்பாக்களில் அடைத்த பிஸ்கட்டுகள் உலகெங்கும் சென்றன. 1900 வாக்கில் அங்கே 5,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். பாமர் குடும்பத்தாரின் கொடையே மேற்சொன்ன கல்லூரிக்கு ஊன்றுகோலாயிற்று. 1976இல் அங்கே பிஸ்கட் உற்பத்தி நின்றது. ஊரின் பொருளாதாரத்தில் அதன் இடத்தைக் கணினி மென்பொருளும் காப்பீடும் பிடித்துக்கொண்டன.

மடத்துத் தேவாலயத்தின் கிழக்குக் கோடி இருந்த நிலத்தில் 1844இல் ஒரு சிறைச்சாலை எழும்பியது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் 1895 முதல் 1897 வரை அடைக்கப்பட்டிருந்ததும் அங்கேதான். அச்சிறை 2013இல் மூடப்பட்டது. மடத்தை நிறுவிய மன்னர் முதலாம் ஹென்றியின் கல்லறையைத் தேடி 2016இல் அப்பகுதியில் நிலத்தடி ராடார் ஆய்வு நடத்தப்பட்டது. கிறித்தவ அடக்க முறையை ஒத்த குழிகள் சில புலப்பட்டாலும், எதையும் அகழ்ந்து பார்த்து இன்னாருடையது என உறுதிசெய்யவில்லை.