வாசலில் நிற்கும் குதிரை

தென் வேல்ஸில் டிசம்பர் கடைசியில் ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். மைஸ்டெக் ஊருக்கு இரண்டு மைல் தெற்கே மேட்டின்மேல் இருக்கிறது லங்கனுய்ட் கிராமம். ஒரு தேவாலயம், அதைச் சுற்றிக் கல்லறைகள், கொஞ்சம் வீடுகள், கூரை வேய்ந்த பழைய பப் ஒன்று. வெளியே ஈரக்காற்று. உள்ளே ஆண்டின் கடைசி இரவுக்கான கூட்டம். மற்றவர்களெல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க, கணப்பை ஒட்டிய பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவருக்கு நாற்பது வயது இருக்கலாம். நகரத்துப் பூட்ஸ்; அதில் கணுக்கால்வரை இந்த ஊர்ச் சேறு. கொண்டையில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். மடியில் ரப்பர் பட்டை போட்ட நோட்டுப் புத்தகம். எதிரே சைடர் கோப்பை தொடப்படாமல் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி வருகிறவரைப் பார்ப்பார், குனிந்து ஏதோ குறிப்பார். கல்லாவின்மேல் வைத்திருந்த ஆப்பிளைப் பார்த்துப் படமாகவே வரைந்துகொண்டார். மூன்று குச்சிகளைக் காலாகச் செருகி நிறுத்திய ஆப்பிள். மேனியெங்கும் ஓட்ஸ் தானியம் பதித்து, உச்சியில் ஒரு பச்சைக் கொத்து. கலெனிக் என்று பெயர். புத்தாண்டுக் காலையில் பிள்ளைகள் இதை ஏந்தி வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்து காசு வாங்கிப்போவார்கள். மதியம் பன்னிரண்டு அடித்துவிட்டால் காசு கிடையாது.

இன்னொருவர் எழுபதைத் தாண்டிய பாட்டி. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துவைத்த தாள்களை மூக்குக்கு நேரே பிடித்து, உதடு மட்டும் அசைய ஏதோ உருப்போட்டுக்கொண்டிருந்தார். உருப்போட்டு முடித்ததும் பக்கத்து நோட்டுப் புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பத்திரிகையாம்மா?"

"இல்லைங்க. நாவல். தேவதைக் கதை மாதிரி... மாயம், மந்திரம். காதல் கதைதான்."

கடைசி இரண்டு சொற்களில் குரல் ஒரு படி இறங்கிவிட்டது. துப்பறியும் கதை எழுதுகிறவர் யாரும் தன் தொழிலைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை. காதல் கதை எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தத் தயக்கம். இத்தனைக்கும், சாரா ஜே. மாஸ் 2015-இல் 'அழகியும் மிருகமும்' கதையை அடியொற்றி 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' எழுதிய பிறகு, காதலும் மாயமும் கலந்த கதைகளுக்குப் புத்தகக் கடைகளில் ரொமான்டஸி என்று பலகை மாட்டித் தனி அலமாரியே ஒதுக்குகிறார்கள்.

"இதுல என்னம்மா வெட்கம்? இந்த ஊரே ஒரு காதல் கதைதானே," என்றார் பாட்டி.

பென்சில் நிமிர்ந்தது.

ஊருக்கு வெளியே கெவ்ன் அட்வா என்ற பண்ணைவீடு. அந்த வீட்டுப் பெண் ஆன் தாமஸ். வில் ஹாப்கின் கூரை வேய்கிறவன்; பாட்டும் கட்டுவான். பண்ணைவீட்டில் வேலைக்கு வந்த இடத்தில் இருவருக்கும் மனம் ஒன்றியது. அம்மாவுக்கு வழக்கறிஞர் குடும்பத்து மாப்பிள்ளைமேல் கண். பெண்ணை அறையில் போட்டுப் பூட்டினாள். காகிதத்தையும் மையையும் பறித்துக்கொண்டார்களாம். ஆன் ஒரு மரத்து இலையில் ஊசியால், தன் ரத்தத்தைத் தொட்டு எழுதினாளாம். 1725-இல் ஆன்டனி மேடக்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சித்தம் கலங்கி, கடைசியில் வில்லின் கையிலேயே உயிரை விட்டாள். 1727-இல் இந்தத் தேவாலயத்திலேயே அடக்கம். அப்போது அவளுக்கு 23 வயது.

"அந்தக் காதலுக்கு ஆதாரம் எதுவும் இல்லைன்னு படிச்சேனே," என்றார் எழுத்தாளர் மெதுவாக.

"கல்யாணத்துக்குப் பதிவு இருக்கு. சாவுக்குப் பதிவு இருக்கு. காதலுக்கு எந்தப் பாதிரியாரும்மா பதிவு போட்டார்?"

நோட்டுப் புத்தகத்தில் இது அப்படியே இறங்கியது. அடியில் இரண்டு கோடு.

பாட்டி விடவில்லை. "சரி, உன் கதையில நாயகன் யாரு?"

"க்வின் ஆப் நீத்."

பாட்டியின் புருவம் ஏறியது. சாமானிய ஆள் இல்லை க்வின். வேல்ஸ் மக்கள் சொல்லும் அன்னூன் என்ற மறு உலகத்துக்கு ராஜா. குளிர்கால இரவுகளில் வேட்டைக்குக் கிளம்புகிறவன். வெள்ளை உடலும் சிவந்த காதுமாக அன்னூனின் நாய்கள். க்ரெய்தலாட் என்ற பெண்ணுக்காக க்விதிர் என்பவனோடு அவனுக்குத் தீராத பகை. ஆர்தர் அரசர் பஞ்சாயத்து செய்தார்: பெண் அப்பா வீட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் இருவரும் ஆண்டுதோறும் மே முதல் நாளில் சண்டை போடுங்கள், உலகம் முடியும் நாளில் ஜெயிக்கிறவனுக்குப் பெண். குளிர்காலமும் கோடையும் மோதுவதைத்தான் இப்படிக் கதையாக்கினார்கள் என்று விளக்கம் சொல்வோரும் உண்டு.

"இந்தப் பஞ்சாயத்துல அவகிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கலை. என் கதை அங்கதான் ஆரம்பிக்குது," என்றார் எழுத்தாளர். இப்போது குரல் இறங்கவில்லை.

"பலே. எதுவரைக்கும் வந்திருக்கே?"

"மூணாவது அத்தியாயத்துல மாட்டிக்கிட்டேன். பனி கொட்டுது. ராத்திரி அவன் வந்து கதவைத் தட்டறான். அவ திறக்கறா. அதுக்கப்புறம் எப்படிக் கொண்டுபோறதுன்னு தெரியலை."

"தட்டினதும் திறந்துட்டாளா?"

"ஆமா."

"அவன் என்ன பாடினான்?"

"பாட்டெல்லாம் இல்லைங்க. ரொம்ப அழகா இருந்தான்."

பாட்டி சிரித்த சிரிப்பில் பிளாஸ்டிக் உறை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துக்கொண்டே, "புய்ல் கதை தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார். தெரியும் என்று எழுத்தாளர் தலையசைத்தது எதிரே நின்றிருந்த எனக்குத் தெரிந்தது. பாட்டி அதைக் கண்டுகொள்வதாக இல்லை. 14ஆம் நூற்றாண்டு ஏடுகளில் இருக்கிற கதை. டவ்லைஸ் ஊர் இரும்பாலை முதலாளியின் மனைவி சார்லட் கெஸ்ட் வேல்ஸ் மொழி கற்று, 1838 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பிலும் உண்டு. புய்ல் என்ற குறுநில அரசன், அன்னூன் ராஜாவான அராவ்னின் உருவத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஆண்டு அவன் அரண்மனையில் வாழ்கிறான். ராணிக்கு ஆள்மாறாட்டம் தெரியாது. படுக்கையும் ஒன்றுதான். இரவானதும் புய்ல் முகத்தைக் கட்டில் ஓரத்துப் பக்கம் திருப்பிக்கொள்வான். விடியும்வரை ஒரு சொல் பேசமாட்டான். அசல் ராஜா திரும்பி வந்து அன்போடு பேசும்போது ராணி திகைத்துப்போகிறாள். அவள் சொல்லித்தான் தன் நண்பன் எப்பேர்ப்பட்டவன் என்பது அராவ்னுக்குப் புரிகிறது.

"முழுசா ஒரு வருஷம். ஒரே கட்டில்," என்று விரலைத் தூக்கிக் காட்டினார் பாட்டி.

"இதுக்குத்தாங்க என் வாசகிங்க உயிரை விடறாங்க."

"அப்போ நீ ஏம்மா மூணாவது அத்தியாயத்திலேயே கதவைத் திறந்துவிட்டே?"

பதில் வருவதற்குள் வெளியே மணிச்சத்தம். பப் முழுக்கப் பேச்சு அடங்கியது. அன்னூனின் நாய்கள் தூரத்தில் இருக்கும்போது குரைப்பு பெரிதாகக் கேட்கும், நெருங்க நெருங்கச் சன்னமாகிவிடும் என்பார்கள். இந்த மணிக்கு அந்த மாயமெல்லாம் தெரியாது. கிட்டே வரவரப் பெரிதாகி வாசலில் நின்றது. கதவில் மூன்று தட்டு. யாரோ உள்தாழ்ப்பாளைப் போட்டார். பாட்டி எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தாள்களோடு கதவருகே போனார். உள்ளே இருப்பவர்கள் சார்பில் இன்று பாடப்போவது அவர்தான் என்பது அப்போதுதான் எழுத்தாளருக்கு விளங்கியது.

வந்திருப்பது மரி லுய்ட். அசல் குதிரை மண்டையோட்டை ஒரு கழியில் பொருத்தி, கழியைப் பிடித்திருக்கும் ஆளையும் சேர்த்து வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். கண் இருந்த குழிகளில் பாட்டில் கண்ணாடி. பிடரியில் சிவப்பும் பச்சையுமாக நாடாக்கள். துணிக்குள் இருப்பவர் சுண்டினால் தாடை படபடவென்று அடித்துக்கொள்ளும். இதைப் பற்றிக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துக் குறிப்பு 1800-இல் அச்சான ஒரு பயண நூலில் இருக்கிறது. 1852-இல் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் இந்த அஞ்ஞான வழக்கத்தை ஒழித்தே தீருவது என்று ஒரு புத்தகம் போட்டார். எதைப் பாடக்கூடாது என்று காட்டுவதற்காக அந்தப் பாட்டின் இருபது செய்யுள்களை அதில் முழுதாக அச்சிட்டார். பாட்டு மறந்துபோனவர்களுக்கெல்லாம் அது கைநூலாகிவிட்டது.

வெளியே ஆண்குரல்கள் வேல்ஸ் மொழியில் எடுத்தன. உள்ளே விடச்சொல்லி வேண்டுகோள். பாட்டி தாழ்ப்பாள்மேல் கைவைத்தபடியே பதில் பாடினார்: நீங்கள் யார், எந்த ஊர், இந்தக் கரகரத்த குரலை வைத்துக்கொண்டு இரவில் எப்படித் துணிந்து கிளம்பினீர்கள்? உள்ளே ஒரே சிரிப்பு. வெளியிலிருந்து மறுபாட்டு: கஞ்சர்களே, பீப்பாயைப் பூட்டி வைத்துக்கொண்டு நாக்கை மட்டும் திறந்துவிட்டிருக்கிறீர்கள். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்து அடுத்த தாளைப் புரட்டினார். வெளியே ஒருவர் அடியை மறந்துவிட்டார் போலிருக்கிறது. சிறு இடைவெளி, கிசுகிசுப்பு, கைபேசியின் வெளிச்சம் கதவிடுக்கில் ஓடிற்று. பிறகு மறுபடி பாட்டு.

இந்த வாதத்துக்கு என்ன முடிவு என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். குதிரை உள்ளே வரும், அதற்குக் கேக்கும் பீரும் கொடுப்பார்கள், வீட்டுக்கு அந்த ஆண்டு நல்லதே நடக்கும். தெரிந்தும் குளிரில் நின்று பாடுகிறார்கள். தெரிந்தும் தாழ்ப்பாளை விடமாட்டேன் என்கிறார்கள். காதல் நாவல் வாங்குகிறவர்களும் இதே கட்சிதான். கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்வார்கள் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும். காசு கொடுப்பது கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற வழக்காட்டுக்கு. ஆன் தாமஸுக்கு வாய்த்த கதவு வெளியிலிருந்து பூட்டியது. அங்கே பதில் பாட்டுக்கு வழியே இல்லை.

பெஞ்சில் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. எழுத்தாளர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, கூட்டத்துக்கு மேலே எக்கிப் பார்த்தார். ஆறாவது பாட்டோ ஏழாவதோ முடிந்தபோது தாங்கமாட்டாமல், "எப்போங்க திறப்பீங்க?" என்று கேட்டேவிட்டார்.

பாட்டி திரும்பிப் பார்த்தார். "திறந்துட்டா பாட்டு முடிஞ்சிடுமே!"

அதற்கப்புறம் எழுத்தாளர் கேட்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிவிட்டு, சைடரை முதல் தடவையாகக் குடித்தார்.

கடைசியில் பாட்டி வேண்டுமென்றே ஒரு அடியைத் தவறவிட்டார். தாழ்ப்பாள் விலகியது. குதிரை குனிந்து நிலையைத் தாண்டி உள்ளே வந்து நிமிர்ந்ததும் உத்தரத்தை இடித்தது. கடிவாளம் பிடித்த தலைவர், பிடில்காரர், பெண் வேடமிட்டுத் துடைப்பத்தோடு வரும் ஜூடி, எல்லாரும் பின்னாலேயே. தாடை படபடக்கக் குதிரை கூட்டத்தில் புகுந்து துரத்தியது. ஒரு பையனின் குல்லாயைக் கவ்வியது. ஒருவர் கோப்பைக்குள் மூக்கை விட்டது. பெஞ்சருகே வந்ததும், மார்போடு அணைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை லபக்கென்று பிடித்துக்கொண்டது.

எழுத்தாளர் இழுத்துப் பார்த்தார். பல் விடவில்லை.

"பாட்டுப் பாடினா கிடைக்கும்," என்றார் கடிவாளக்காரர். பப் மொத்தமும் மேசையைத் தட்டத் தொடங்கியது.

எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு அந்த நேரத்தில் வாயடைத்துப்போனது. முகம் சிவந்தது. பாட்டியைப் பார்த்தார், பாட்டியோ கேக்கில் கவனமாக இருந்தார். கடைசியில் ஆங்கிலத்தில், எதுகை நொண்ட, ஒன்று வந்தது: நாக்கே இல்லாத குதிரைக்குக் காகிதத்தின் ருசி என்ன தெரியும்? கடிவாளக்காரர் தயாராக இருந்தார்: நாக்கில்லாவிட்டால் என்ன, பல் இருக்கிறது, மென்று பார்த்ததில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். கூட்டம் ஹோவென்றது. எழுத்தாளர் தோளை நிமிர்த்திக்கொண்டார். சர்க்கரை வேண்டாம் என்ற குதிரையை எந்த ஊரில் பார்த்தீர்கள் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து பதில். இவர் காத்திருக்கவேயில்லை: கண்ணுக்குப் பதில் பாட்டிலை வைத்திருக்கிறவன் கதையைப் படித்துவிட்டேன் என்றால் நம்ப முடியுமா? எதுகையும் இந்த முறை ஒழுங்காக உட்கார்ந்தது. மேசைகள் அதிர்ந்தன. தாடை திறந்து, பல் தடத்தோடு நோட்டுப் புத்தகம் அவர் கையில் விழுந்தது.

வாங்கியதை அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டு, குதிரைக்கு வழிவிடாமல் நின்று, அடுத்த பாட்டை எடுத்தார்.