குல்மார்க்: பனி வராவிட்டாலும் கவலை, வந்தாலும் கவலை

காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்கில் குளிர்கால வியாபாரம் என்றால் அது பனிதான். ஹோட்டல்காரர், பனிச்சறுக்கு சாமான்களை வாடகைக்கு விடுபவர், ஸ்லெட்ஜ் இழுப்பவர், டீக்கடைக்காரர்... எல்லோருக்கும் சரக்கு வானத்திலிருந்து விழுந்தாக வேண்டும். முன்கூட்டியே வாங்கி குடோனில் அடுக்கி வைக்க முடியாத சரக்கு!

2024 ஜனவரியில் அது கிட்டத்தட்ட வரவே இல்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய சரிவுகள் காய்ந்த புல்லோடு பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளும் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

காரணம் என்ன? மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற காற்றுச் சுழற்சிதான் இங்கே பனியைக் கொட்டுகிறது. அது வலுவிழந்தாலோ வடக்கே விலகிப் போனாலோ குல்மார்க் காய்ந்துவிடும்.

சரி, வருகிறது என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டால் போதுமா? போதாது. குல்மார்க்கின் கடைவீதி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா ரோப்காரின் உச்சி நிலையமோ அஃபர்வட் மலையில் சுமார் 3,950 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதாவது கீழே 2 டிகிரியில் மழையும் பனியும் கலந்து நசநசவென்று பெய்யும்போது, மேலே மைனஸ் 6 டிகிரியில் மாவு போல உலர்ந்த பனி விழுந்துகொண்டிருக்கும். ஒரே ஊர், ஒரே நேரம், இரண்டு வானிலை! எனவே எந்த உயரத்துக்கான கணிப்பு என்று பார்க்காமல் அறிக்கையைப் படிப்பதில் அர்த்தமில்லை.

காற்றையும் பார்க்க வேண்டும். பலமாக வீசினால் மேல் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். அதைவிட முக்கியம், காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கச் சரிவில் குவித்துவிடும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில் அப்படிக் குவிந்த புதுப்பனி, அடியில் இருக்கும் பழைய பனியோடு சரியாக ஒட்டாது. ஒரு ஆளின் எடை போதும், மொத்தமும் சரிந்துவிடும். பனி கொட்டி முடித்த முதல் ஒன்றிரண்டு நாட்களில்தான் ஆபத்து அதிகம்.

சிக்கலே இங்கேதான். மாதக்கணக்கில் காத்திருந்த வியாபாரிக்கும், நாலு நாள் லீவில் வந்தவருக்கும் 'பொன்னான நாள்' அதே நாள்தான். 2024 பிப்ரவரி 22 அன்று, பனி நன்றாகக் கொட்டியபின், குல்மார்க் பனிச்சரிவில் சிக்கி ஒரு ரஷ்யர் இறந்தார். உடன் போனவர்கள் மீட்கப்பட்டார்கள். 2010 பிப்ரவரியில் இதே குல்மார்க்கில் 17 ராணுவ வீரர்களைப் பனிச்சரிவு கொன்றது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால் சுற்றுலாப் பயணிக்கு?

மேல் சரிவு ஒரு நாள் மூடியிருந்தால் கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தை அடுத்த வாரம் ஈடுகட்டிவிடலாம். போன உயிரை எந்த வாரமும் ஈடுகட்டாது. குல்மார்க் போகிறவர்கள் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள். "இன்று மேலே வேண்டாம்" என்று உள்ளூர்க்காரர் சொன்னால், அவர் தன் வருமானத்தை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்பதை மறக்காதீர்கள்.